அஞ்சாம் பாகம் எப்ப சார் வரும்?

'தி சில்வர் லைனிங்' அஞ்சாம் பாகத்துக்குக் காத்திருப்போர் சங்கம்னு ஒண்ணு உலகத்துல இருந்தா, அடியேன் அதுல ஆயுள் உறுப்பினர். நாலாம் பாகம் வந்தது 2011 நவம்பர்ல. இதை எழுதற வரைக்கும் அஞ்சாவது வரலை. மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாக்கறது, ஒரு பெருமூச்சு, அப்புறம் கம்ப்யூட்டரை மூடிட்டுத் தூங்கப் போறது. வீட்டுல "இன்னும் அந்த ராஜா கதைதானா?"ன்னு கேக்கறதையும் நிறுத்திட்டாங்க. பழகிப் போச்சு :-)

எந்த ராஜான்னு கேக்கறவங்களுக்காக ஒரு சின்ன கொசுவத்தி.

சியரா கம்பெனிக்காக ராபர்ட்டா வில்லியம்ஸ் உருவாக்கின 'கிங்ஸ் குவெஸ்ட்' 1984-ல வந்தது. டாவென்ட்ரிங்கற நாட்டுல கிரஹாம்னு ஒரு வீரன், தொலைஞ்சு போன மூணு பொக்கிஷத்தைத் தேடிக் கொண்டாந்து ராஜா ஆவான். அடுத்தடுத்த பாகங்கள்ல கல்யாணம், காணாமப் போன மகன், மகள்னு ஒரு குடும்பமே நம்ம கண்ணு முன்னால வளரும். மெகா சீரியல் மாதிரின்னு வெச்சுக்குங்களேன், மாமியார் கொடுமை மட்டும் கிடையாது. ஆறாவது பாகம் 1992-ல வந்தது. ராபர்ட்டாவோட ஜேன் ஜென்சனும் சேர்ந்து எழுதினது. மகன் அலெக்ஸாண்டர், மந்திரக் கண்ணாடியில பாத்த காசிமாவைத் தேடிப் பச்சைத் தீவுகளுக்குக் கப்பலேறிப் போற கதை. நான் முதன்முதலா முழுசா ஆடி முடிச்ச கேம் அதுதான். சித்தப்பா வீட்டு 486-ல, மடியில டிக்‌ஷனரியை வெச்சுக்கிட்டு. என் இங்கிலீஷ்ல இன்னிக்கும் கொஞ்சம் ராஜா காலத்து வாடை அடிக்குதுன்னா காரணம் இதான்.

1998-ல எட்டாவது பாகம். அதுல கிரஹாம் உட்பட ஊரே கல்லாயிடும். கானர்னு புதுசா ஒருத்தன் கையில ஆயுதத்தோட கிளம்புவான். புதிரை விட வெட்டுக்குத்து ஜாஸ்தி. அதோட பழைய வரிசை நின்னு போச்சு. பதினாலு வருஷமா ஒரு குடும்பத்தோட பழகினவங்களுக்கு அந்த முடிவு எப்படி இருக்கும்? கல்யாணப் பந்தியில பாயசம் வர்றதுக்கு முன்னாடி இலையை எடுத்த மாதிரி.

கதை நின்ன இடம் பிடிக்கலன்னா ரசிகன் சும்மா இருக்க மாட்டான். எந்த ஊரா இருந்தாலும் அப்படித்தான். பொன்னியின் செல்வனைப் படிச்சிட்டு "அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு தவிச்சவங்களுக்கு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதிக் கொடுத்தார். ஆனா நாவல்னா ஒருத்தர், ஒரு பேனா, ஒரு கட்டுப் பேப்பர் போதும் (திறமையும் வேணும், அதை விடுங்க). கேமுக்கு அப்படி முடியாது. கதை எழுத ஒருத்தர், படம் வரைய நாலு பேர், ஆட்களை நடக்க வைக்க ரெண்டு பேர், புரோகிராம், இசை, குரல், சோதிச்சுப் பாக்க ஒரு கூட்டம். அத்தனை பேரும் சம்பளம் இல்லாம, ஆபீஸ் முடிஞ்சு வந்து, வேற வேற நாட்டுல உக்காந்துக்கிட்டு. இதுல பாதிப் பேர் ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பாத்திருக்கவே மாட்டாங்க.

அப்படி ஒரு கூட்டம்தான் பீனிக்ஸ் ஆன்லைன். கிங்ஸ் குவெஸ்ட் ஒன்பதாம் பாகம்னே பேர் வெச்சு 2000-களோட தொடக்கத்துல கிளம்பினாங்க. பொண்ணு ரோசெல்லாவோட கல்யாணத்துல சாபம் இறங்கி, அவளும் அலெக்ஸாண்டரும் விழுந்துடுவாங்க. வயசான கிரஹாம் பழைய தொப்பியை மாட்டிக்கிட்டு மறுபடி கிளம்பணும். அதுவும் பச்சைத் தீவுகள்லயே. படிச்சப்பவே எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

இனிமேதான் வில்லங்கம். வில்லங்கம்னா நெஜமாவே வில்லங்கம். வீடு வாங்கறதுக்கு முன்னாடி நாம சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ்ல வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாப்போம்ல, அந்த மாதிரி கிரஹாமுக்கு ஒண்ணு போட்டா எப்படி இருக்கும்னு பாருங்க. 1996-ல சியராவை சியூசிங்கற கம்பெனி வாங்குது. அது இன்னொண்ணோட இணைஞ்சு சென்டண்ட் ஆகுது. அங்கேருந்து ஹவாஸ், விவெண்டி. 2008-ல விவெண்டியோட கேம் பிரிவு ஆக்டிவிஷனோட சேருது. 2023 அக்டோபர்ல ஆக்டிவிஷனையே மைக்ரோசாஃப்ட் வாங்குது. ஒரு ராஜா, இத்தனை பத்திரப் பதிவு! ராபர்ட்டா அம்மா கையில சொத்து இல்லை. ஆசையா கூட்டி மொழுகி விளக்கேத்த நினைக்கிற ரசிகனுக்குப் பட்டாவும் இல்லை.

2005-ல விவெண்டி கிட்டேருந்து "நிறுத்துங்க"ன்னு நோட்டீஸ். ரசிகர்கள் கடிதமா எழுதித் தள்ளினாங்க. அந்த வருஷக் கடைசியிலேயே ஒரு சமரசம் ஆச்சு: கேமைச் செய்யலாம், ஆனா பேர்ல கிங்ஸ் குவெஸ்ட் வரக் கூடாது. அப்படித்தான் அது 'தி சில்வர் லைனிங்' ஆச்சு. சரி, தொலையுதுன்னு வேலையைத் தொடர்ந்தா, சொத்து கை மாறி ஆக்டிவிஷன் வந்தாச்சு. 2010 பிப்ரவரியில மறுபடி "நிறுத்துங்க". மறுபடி ரசிகர்கள் கூச்சல். ஜூன்ல "சரி, பண்ணிக்குங்க"ன்னு மனசு மாறினாங்க. ஜூலை 10 அன்னிக்கு முதல் பாகம் இலவசமா வெளிய வந்துச்சு.

இந்தத் துறையில சவால் என்னன்னு யாரைக் கேட்டாலும் இந்த வக்கீல் நோட்டீஸ் கதையைத்தான் சொல்வாங்க. சினிமா மாதிரி இருக்கு, வில்லன் இருக்கான், க்ளைமாக்ஸ் இருக்கு. ஆனா எனக்கு என்ன தோணுதுன்னா, நோட்டீஸ் வந்து நின்ன கேமை விட, யாருமே தடுக்காம தானா நின்ன கேம்தான் ஜாஸ்தி. சில்வர் லைனிங்கோட அஞ்சாம் பாகத்தையே எடுத்துக்குங்க. 2010-லேயே அனுமதி கிடைச்சாச்சு. அதுக்கப்புறம் பதினாறே மாசத்துல நாலாம் பாகம் வரைக்கும் வந்துட்டாங்க. அஞ்சாவதுக்குக் குறுக்க நின்னது எந்த வக்கீல்?

இதுக்குப் பதில் தேடறதுக்கு முன்னாடி சொந்தக் கதை ஒண்ணு சொல்லியாகணும். அட்வென்ச்சர் கேம் ஸ்டுடியோன்னு ஒரு மென்பொருள் இருக்கு. கிறிஸ் ஜோன்ஸ்ங்கறவர் 1997-ல வெளியிட்டது. காசு வேண்டாம். பாயிண்ட் அண்ட் கிளிக் கேம் செய்யத் தேவையான எல்லாம் உள்ள இருக்கும். நானும் என் சித்தி பையனும் அதை இறக்கி வெச்சுக்கிட்டு இண்டியானா ஜோன்ஸைக் கையில எடுத்தோம். 1992-ல லூகாஸ் ஆர்ட்ஸ் போட்ட 'ஃபேட் ஆஃப் அட்லாண்டிஸ்' எங்களுக்கு வேதம். கடல்ல முங்கின ஊர்தானே கதை, நம்ம மாமல்லபுரத்துலயும் கடலுக்குள்ள கோயில் இருக்குன்னு சொல்வாங்களே, 2004 சுனாமியப்ப கடல் உள்வாங்கினப்போ ஜனங்க பாறை வரிசையைப் பாத்தாங்களே, இண்டியை அங்க கூட்டிட்டு வந்தா என்னன்னு ஒரு ஐடியா. டீக்கடையில உக்காந்து ஒரே சாயங்காலத்துல மொத்தக் கதையும் ரெடி. உலகத்துலயே சுலபமான வேலை அதுதாங்க.

அப்புறம் உக்காந்து வரைய ஆரம்பிச்சான் தம்பி. 320-க்கு 200 புள்ளி, 256 கலர். கடற்கரைக் கோயிலை அந்தச் சின்னக் கட்டத்துல அடைக்கிறது ஒரு பக்கம். இண்டியை நடக்க வைக்கிறது இன்னொரு பக்கம். நாலு திசை. இடதும் வலதும் கண்ணாடி பிம்பம்னு வெச்சாலும் மூணு. திசைக்கு ஆறிலிருந்து எட்டுப் படம். அப்புறம் குனியற படம், எடுக்கிற படம், பேசற படம், ஏணி ஏறற படம். தொப்பி ஒரு புள்ளி தள்ளிப் போனாலும் ஆள் மாறிடறார். "அண்ணா, இது இண்டி மாதிரி இல்ல, ஆட்டோ ஸ்டாண்டு மாணிக்கம் மாதிரி இருக்கு"ன்னு அவனே சொல்லி அழிச்சிட்டு, விடிய விடிய மறுபடி வரைவான். இண்டி கோயில் வாசல்லேருந்து படகு வரைக்கும் ஒழுங்கா நடந்து போக எங்களுக்கு நாலு மாசம் ஆச்சு.

எழுத்து வேலை என்னுது. "வசனம்தானே, ஊதித் தள்ளிடலாம்"னு உக்காந்தேன். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. சுமாரான கேம்னா நாப்பது இடம். இடத்துக்கு ஒரு பன்னெண்டு பொருள். மொத்தம் 480. இண்டி பையில முப்பது சாமான். ஆடறவன் முப்பதையும் 480 மேலயும் தேய்ச்சுப் பாப்பான், பாக்காம விட மாட்டான், நாமே அப்படித்தானே ஆடினோம். 14,400 ஜோடி. அதுல கதைக்குத் தேவையானது அறுபதோ எழுபதோ. மீதிக்கெல்லாம் "இது வேலைக்கு ஆகாது"ன்னு ஒரே பதிலைப் போட்டுடலாம்தான். போட்டா ஆடறவன் பத்தாவது நிமிஷம் மூடிடுவான். ஏன்னா பழைய கேம்களோட ருசியே, தப்பா எதையாவது செஞ்சா அதுக்கும் ஒரு நக்கல் பதில் வரும் பாருங்க, அதுல இருந்துச்சு. மீனைக் கொண்டு போய்க் கதவுல தேய்ச்சாக்கூட, "அப்படிச் செய்வேன்னு தெரியும்"கற மாதிரி யாரோ நமக்காக யோசிச்சு வெச்சிருப்பாங்க. அது கூலிக்கு வேலை செஞ்ச பெரிய பெரிய எழுத்தாளர்கள் வருஷக்கணக்குல உக்காந்து யோசிச்சது. அதை ராத்திரி பத்து மணிக்கு மேல, மறுநாள் ஆபீஸ் இருக்கற ஒருத்தன் செய்யணும்.

தடையெல்லாம் வெளியேருந்து வர்றதுல்ல, இந்த 14,400-லதான் இருக்குன்னு எனக்குப் புரிஞ்சது அப்பதான். எங்க கேம் ரெண்டு இடத்தோட நிக்குது. தம்பிக்குப் புனேயில வேலை கிடைச்சுப் போயிட்டான். அவனுக்கு ரெண்டு குழந்தைங்க இப்ப. அந்த ஃபோல்டரை ஒவ்வொரு கம்ப்யூட்டர் மாத்தும்போதும் பத்திரமா காப்பி பண்ணி வெச்சிருக்கான். பொங்கலுக்கு வந்தா "அண்ணா, மூணாவது ரூம் போடலாமா?"ம்பான். போடலாம்டாம்பேன்.

சரி, முடிச்சவங்க எப்படித்தான் முடிச்சாங்க? நான் கவனிச்ச வரைக்கும், ஜெர்மனிக்காரங்கதான் இதுல கில்லி. அட்வென்ச்சர் கேம் செத்துப் போச்சுன்னு மத்த நாடெல்லாம் பத்தும் பதினொண்ணும் செஞ்சு முடிச்சப்புறமும் அங்க மட்டும் அதுக்கு ஒரு கூட்டம் இருந்துக்கிட்டே இருந்துச்சு. 'புரோக்கன் ஸ்வோர்டு' வரிசை 2003-ல மூணாம் பாகத்துல முப்பரிமாணத்துக்குத் தாவினது தெரியும்ல? அதுக்கு முன்னாடியே 2001-ல ஜெர்மன் ரசிகர்கள் சிலபேர், பழைய கையால வரைஞ்ச பாணியிலயே ஒரு தொடர்ச்சி வேணும்னு கிளம்பி, 2008 செப்டம்பர்ல 'புரோக்கன் ஸ்வோர்டு 2.5'-ஐ வெளிய விட்டாங்க. பேரைப் பாருங்க, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல பவ்யமா ஒரு புள்ளி. ஒரிஜினல் கேமைச் செஞ்ச ரெவல்யூஷன் கம்பெனி அனுமதி கொடுத்துச்சு. பழைய கேம்களோட படங்களை எடுத்துப் பயன்படுத்திக்கிட்டாங்க. ஜார்ஜ் எப்படி நடப்பான்னு மறுபடி முதல்லேருந்து வரைய வேண்டியதில்ல. அப்படி இருந்தும் ஏழு வருஷம்! சொத்து உரிமையாளரே சாவியைக் கொடுத்து, மேஜை நாற்காலி எல்லாம் உள்ளயே இருந்தும் ஏழு வருஷம்னா, மத்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

'மேனியாக் மேன்ஷன் மேனியா'ன்னு இன்னொரு ஜெர்மன் கூட்டம். 1987-ல ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் செஞ்ச மேனியாக் மேன்ஷன் பங்களாவை வெச்சுக்கிட்டு, ஆளுக்கொரு குட்டிக் கேமா செஞ்சு தள்ளினாங்க. வீடு, ஆளுங்க, கதவு, சோபா எல்லாம் ஒரே மூட்டையா முன்கூட்டியே கிடைக்கும். யார் வேணா எடுத்து ஒரு மணி நேரக் கதை பண்ணலாம். நூறு எபிசோடைத் தாண்டிப் போயாச்சு. நம்ம தெருக்கூத்து மாதிரிதான். அதே வேஷம், அதே பெட்டி, கதை மட்டும் இன்னிக்கு வேற. பெரிய மாளிகை கட்டறேன்னு கிளம்பாததால பொழைச்சாங்க. 'டே ஆஃப் த டென்டகிள்' (1993) கேமுக்கு 2018-ல ஒரு ரசிகர் தொடர்ச்சி வந்துச்சு, 'ரிட்டர்ன் ஆஃப் த டென்டகிள்'. பாக்க ஒரிஜினலுக்குப் பக்கத்துல வெக்கலாம், அவ்வளவு அழகு. ஆனா பேருக்குப் பின்னாடியே 'முன்னுரை'ன்னு போட்டுட்டாங்க. அதைப் பாத்ததும் சங்கத்துக்குப் புது உறுப்பினர்கள் சேருவாங்கன்னு தெரிஞ்சு போச்சு :-)

கிங்ஸ் குவெஸ்ட் ஆட்கள்லயே இன்னொரு கூட்டம், ஏஜிடி இன்டராக்டிவ். அவங்க தொடர்ச்சின்னு சொல்லாம, ரீமேக்னு சொல்லிப் புகுந்தாங்க. 2002-ல ரெண்டாம் பாகத்தைப் புதுசாச் செஞ்சாங்க. 1985 ஒரிஜினல்ல கதைங்கறது ஒரு தபால் அட்டையில எழுதற அளவுதான். இவங்க அதுக்குள்ள புது வில்லன், புது ஊர்க்கதைன்னு நிரப்பி, ரீமேக் போர்வையில பாதி சீக்வலே எழுதிட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது அது. எலும்புக்கூடு முன்னாடியே இருக்கறதால கதை எங்க போய் முடியணும்னு கூட்டத்துல சண்டை வராது பாருங்க.

இப்ப அந்த அஞ்சாம் பாகத்துக்கு வர்றேன். பீனிக்ஸ் ஆட்கள் நாலு பாகம் செஞ்சு முடிக்கும்போது அவங்க பழைய ரசிகப் பசங்க இல்ல. தேர்ந்த தொழில்காரங்க. 2012-ல 'காக்னிஷன்'னு சொந்தமா ஒரு துப்பறியும் கேம் போட்டாங்க, காசுக்கு. 2014-ல 'கேப்ரியல் நைட்' கேமோட இருபதாவது ஆண்டுப் பதிப்புல ஜேன் ஜென்சன் கூடவே வேலை செஞ்சாங்க. எந்த ஜேன் ஜென்சன்? ஆறாம் பாகத்தை ராபர்ட்டாவோட சேர்ந்து எழுதின அதே அம்மா! ஏஜிடி ஆட்களும் அப்படித்தான், ஹிமாலயா ஸ்டுடியோஸ்னு ஆரம்பிச்சு 2006-ல 'அல் எம்மோ', 2019-ல 'மேஜஸ் இனிஷியேஷன்'னு சொந்தக் கதைக்குப் போயிட்டாங்க.

கொஞ்சம் யோசிச்சா இதுல ஒரு விசித்திரம் இருக்கு. ஆரம்பத்துல ஆசை நெறைய, கைவேலை தெரியாது. வருஷம் போகப் போகக் கை பழகுது. முடிக்கிற அளவுக்குத் திறமை வந்து சேர்ற நேரத்துல, அந்தத் திறமைக்கு வெளியே சம்பளமும் பேரும் கிடைக்குது. வாடகை கட்டணும், புள்ளகுட்டி இருக்கு. அப்ப, அடுத்தவன் பட்டாவுல இருக்கற நிலத்துல, ஒத்தை ரூபா எடுக்கக் கூடாதுங்கற நிபந்தனையோட உழுதுக்கிட்டே இருன்னு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நான் கேக்கறது? ஆனா மனசு கேக்குதே. கிரஹாம் பச்சைத் தீவுல நடந்துக்கிட்டே இருக்கார். புள்ளைங்க ரெண்டும் எழுந்திருக்கல. நாலாம் பாகத்துல சாபத்தோட முடிச்சு அவிழற மாதிரி காட்டிட்டு நிறுத்தினா நான் என்னங்க பண்றது.

2015-ல ஆக்டிவிஷனே புதுசா ஒரு கிங்ஸ் குவெஸ்ட் கொண்டு வந்துச்சு, வயசான கிரஹாம் பேத்திக்குக் கதை சொல்ற மாதிரி. நல்லாவே இருந்துச்சு. இருந்தும் அது வேற கிரஹாம். நான் காத்துக்கிட்டு இருக்கற ஆள் அவர் இல்ல. இப்படி அடம் பிடிக்கிறது நான் மட்டும்னு நெனைக்காதீங்க. 2022-ல ரான் கில்பர்ட், தான் பெத்த 'மங்கி ஐலண்ட்'டுக்குத் தானே திரும்பி வந்து 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' செஞ்சார். வர்றதுக்கு முன்னாடியே படம் வரைஞ்ச பாணி பிடிக்கலன்னு ரசிகர்கள் அவரைத் திட்டின திட்டுல, மனுஷன் வெறுத்துப் போய் இனிமே இதைப் பத்திப் பேச மாட்டேன்னு ஒதுங்கினார். பெத்த அப்பனுக்கே இந்த மரியாதைன்னா, தத்து எடுத்தவன் கதி? ரசிகர் தொடர்ச்சி செய்யறவனுக்கு வக்கீலை விடப் பெரிய பயம் சக ரசிகன்தான். அவன் மண்டைக்குள்ள ஒரு கேம் ஏற்கெனவே இருபது வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு. அதுல நடை தடுக்காது, குரல்ல ஃபேன் சத்தம் கேக்காது, எல்லாப் புதிருக்கும் நக்கல் பதில் உண்டு. அதோட போட்டி போடணும்.

அதனால நான் ஒண்ணு பண்றேன். யார் எவ்வளவு சுமாரா ஒரு ரசிகர் கேம் போட்டாலும் கடைசி வரைக்கும் ஆடறது. பையில இருக்கற எல்லாத்தையும் எல்லாத்து மேலயும் தேய்ச்சுப் பாக்கறது. எங்கயாவது ஒரு மூலையில, கதைக்குத் தேவையே இல்லாத ஒரு ஜோடிக்கு ஒருத்தன் நாலு வரி எழுதி வெச்சிருப்பான். போன வாரம் 2.5-ஐ மறுபடி எடுத்தேன். ஸ்கம்வி‌எம்ல அழகா ஓடுது, புதுக் கம்ப்யூட்டர்லயும் தகராறு இல்ல. ஜெர்மன் குரல், கீழ இங்கிலீஷ் எழுத்து. ஜார்ஜ் பாரிஸுக்கு வந்து சேர்ந்துட்டான். ஆடணும்னு நெனைக்கிறவங்க சொல்லுங்க, எங்க மாட்டிக்கிட்டாலும் வழி சொல்றேன். சில்வர் லைனிங் நாலு பாகம் ஆடினவங்க யாராவது இருந்தா அவங்களும் கையைத் தூக்குங்க. சங்கத்துல செயலாளர் பதவி காலியாத்தான் இருக்கு.